குண்டன் சக்கரம் ஏறிய கதை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பற்களும் இந்த நிமிடமே உதிரட்டும்.

என் மருமகள் மூளை ஆராய்ச்சிக்காரி. அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் உத்தியோகம். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் குண்டன் என்றொரு எலி இருந்தான். கூண்டுக்குள் ஒரு லீவர். அழுத்தினால் ஒரு சொட்டுப் போதைமருந்து விழும். பயல் சோறு தண்ணி மறந்து அதையே கட்டிக்கொண்டு கிடந்தான். பக்கத்திலேயே ஓடி விளையாட ஒரு சக்கரம். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

“சக்கரம் எதுக்கும்மா?”

“மூளை செல்லுக்குள்ள சில மரபணு சுவிட்சு மாதிரி, மாமா. போதையும் அதைத்தான் தட்டி எழுப்புது. ஓடுற சந்தோஷம், நல்ல சாப்பாடு, அதுங்களும் அதுலயேதான் கை வைக்குது. போதை மட்டும் வச்ச கையை லேசுல எடுக்காது. அந்த இடத்தை ஓட்டம் பிடிக்குமான்னு பாக்குறேன்.”

“நல்ல சாப்பாடுன்னியே, உங்க அத்தை சமையல் எந்த சுவிட்சைப் போடும்?”

“அது ஃபியூஸையே பிடுங்கிடும். மெதுவா பேசுங்க, அத்தைக்குப் பாம்புக்காது.”

சிரித்தாள், ஆனால் சோறு இறங்கவில்லை. அன்று துறைத்தலைவர் பார்வையிட வருகிறார். குண்டன் சக்கரம் ஏறாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

தலைவர் வந்தார். குண்டன் லீவரை விட்டு அசையவில்லை.

“உங்க எலி என் மச்சானைவிடச் சோம்பேறிம்மா. மூட்டையைக் கட்டுங்க” என்று சொல்லிவிட்டு மாடியிலிருக்கும் தன் அறைக்குப் போய்விட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் கூண்டுக்குள் தலையை விட்டுச் சக்கரத்தை மோந்து பார்த்தாள்.

“ஐயோ மாமா, ஸ்பிரிட்டு! தினம் காலையில நானேதான் துடைச்சுத் தொலைச்சிருக்கேன். எலி வாசமே இல்ல. ஆஸ்பத்திரி மாதிரி நாறினா எவன் விளையாட வருவான்?”

தன் தப்பைத் தானே மோந்து பிடித்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. பக்கத்துக் கூண்டில் மற்ற எலிகள் ஓடி ஓடி அழுக்கேறியிருந்த சக்கரத்தைக் கழற்றி இதில் மாட்டினாள்.

குண்டன் மூக்கை நீட்டினான். ஒரு காலை வைத்தான். பிறகு ஓடினான் பாருங்கள், அப்படியொரு ஓட்டம்! சக்கரம் சுற்றிய வேகத்தில் கூண்டே மேசையிலிருந்து இறங்கியது, கதவைத் தாண்டியது, நடைவழியில் எதிரே வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது. படியேறச் சக்கரத்தால் முடியாதே, அதனால் லிஃப்டுக்கு மட்டும் மரியாதையாகக் காத்து நின்றது. நேராகத் தலைவர் மேசைக்கு முன்னால் போய்த்தான் மூச்சு வாங்கியது.

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். “லீவரு?”

“உள்ளயேதான் இருக்கு சார்,” என்றாள், பின்னாலேயே ஓடிவந்த என் மருமகள். “அவனுக்குத்தான் நேரமில்ல.”

அந்த ஆராய்ச்சி இன்றைக்கும் அமோகமாக நடக்கிறது.

பல் இரண்டும் போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளே கிடையாது. என் மருமகள் வளர்ப்பது பழ ஈக்களை.