மெஷினுக்கு ஆகாத தண்ணீர்

படுக்கை விரிப்பின் ஒரு தலைப்பைப் பிரேமிளாவும் மறு தலைப்பை அம்மாவும் பிடித்து எதிரெதிராக முறுக்கிக்கொண்டிருந்தார்கள். திரண்டு இறுகிய துணியிலிருந்து தண்ணீர் கொட்டிக் கிணற்றடிச் சீமெந்தில் ஓடியது. விடிந்ததிலிருந்து எத்தனையாவது விரிப்பென்று இருவரும் எண்ணவில்லை. உள்ளே அப்பா மறுபடி குமட்டிச் சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அம்மா தன் பக்கத் தலைப்பை மகளின் கையில் திணித்துவிட்டு ஈரக் காலோடு ஓடினாள்.

பிரேமிளா மிச்சத்தைத் தனியே பிழிந்தாள். குசினியை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய பத்திக்குள் அந்த வோஷிங் மெஷின் வெள்ளை வெளேரென்று நின்றது. புதுசு போலத்தான் இருந்தது. மூடியில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளைக்கூட அம்மா இன்னும் உரிக்கவில்லை.

அப்பா ராஜரத்தினத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்தம் செய்யப் போய்வந்துகொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் உடம்பு தாங்காமல் படுத்துவிட்டார். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அம்மா இரவும் பகலும் துணி தோய்த்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், வவுனியாவில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிரேமிளா, யோகலிங்கத்தின் கடையில் இருந்ததற்குள் விலை குறைந்த மெஷினைத் தவணைக்கு எடுத்தாள். இரண்டு மாதம் ஓடியது. பிறகு தண்ணீர் நிரம்பும், ஒரு தடவை குலுங்கும், நின்றுவிடும். கடைக்குப் போன் எடுத்தால், "ஆள் வருவார்" என்பார்கள். ஆள் வரவில்லை. கடைசியில் அவள் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ப் பாவனையாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள். விசாரணை நாளை மறுநாள்.

பிரேமிளா விரிப்பை உதறிக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தபோது கேற்றடியில் வான் ஒன்று வந்து நின்றது. யோகலிங்கம் தானே இறங்கினார். பின்னால் கருவிப் பையோடு திருத்துகிறவர்.

"வாங்கோ முதலாளி," என்றாள் வாசலுக்கு வந்த அம்மா. கையில் சத்திப் பாத்திரம் இருந்தது. அதைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

திருத்துகிறவர் மெஷினை முன்னே இழுத்து, குழாயைக் கழற்றி, உள்ளங்கையில் தட்டினார். வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன.

"பாத்தீங்களோ தங்கச்சி?" என்றார் யோகலிங்கம். "மெஷின்ல பிழை இல்லை. உங்கட தண்ணி. இதுக்கு வொறன்ரி செல்லாது. ஆனா நான் அப்பிடி விட்டிட்டுப் போற ஆள் இல்லை. நீங்கள் அந்த முறைப்பாட்டை வாபஸ் எடுங்கோ, அரைவாசிச் செலவை நான் பொறுத்துத் திருத்தித் தாறன்."

"விக்கேக்குள்ள இதைச் சொல்லேல்லையே?"

"உதெல்லாம் ஆர் சொல்லுறது?"

பத்தியைப் பார்த்த ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன தம்பி? தண்ணிக்கு என்ன?"

அது அப்பா. அவருடைய கட்டில் அந்த ஜன்னலோரம்தான் கிடந்தது. திருத்துகிறவருக்கு உள்ளே இருப்பது யாரென்று தெரியாது. குனிந்தபடியே பதில் சொன்னார்.

"தண்ணி கூடாது ஐயா. சரியான சுண்ணாம்பு. மெஷினுக்கே ஆகாது."

ஜன்னலுக்குள் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அம்மா கிணற்றைப் பார்த்தாள். பிரேமிளா பார்க்கவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் காட்டுக்கு வந்தபோது ராஜரத்தினம் சிறுவன். தேயிலையைத் தவிர வேறொன்றும் தெரியாத தகப்பனும் அவரும் கல்லுடைத்து வெட்டிய கிணறு அது. ஒரு கோடையில் ஊரில் மற்றக் கிணறுகள் வற்றியபோது கனகராயன்குளத்துச் சனம் குடத்தோடு இந்த வளவில்தான் வரிசையில் நின்றது. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது, கூரை போடுமுன் அவர் செய்த முதல் வேலை கிணற்றை இறைத்ததுதான். பின்னாளில் கிளினிக்கில் டொக்டர் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து குடிக்கும் தண்ணீர் கடையிலிருந்து பிளாஸ்ரிக் கானில் வந்தது. அப்பா அதற்குக் 'கடைத்தண்ணி' என்று பெயர் வைத்தார். யாரும் பார்க்காத நேரம் கிணற்றில் அள்ளிக் குடித்தார். அம்மாவுக்கு அது தெரியும். கிணற்றையும் அப்பாவின் நோயையும் அந்த வீட்டில் யாரும் சேர்த்துக் கதைத்ததில்லை.

வான் போனபின் அப்பா கூப்பிட்டார். பிரேமிளா கட்டில் ஓரத்தில் இருந்தாள். அவருடைய முகம் ஊதி, கண்கள் சிறுத்திருந்தன.

"பிள்ளை, அவன் சொன்னது உண்மையோ?"

"சாமான் விக்கிறவை அப்பிடித்தான் சொல்லுவினம் அப்பா. தங்கட பிழையை மறைக்க."

"நல்ல தண்ணி அது."

"ஓம் அப்பா. நல்ல தண்ணி."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். பிறகு, "கொஞ்சம் தா. கிணத்துத் தண்ணி," என்றார்.

தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். பிரேமிளா அம்மாவைப் பார்த்தாள். அம்மா போய் அள்ளிக்கொண்டு வந்தாள். கரண்டியால் ஊட்டினாள். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது கடைவாயால் வழிந்தது. அம்மா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டால் சத்தமிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் அப்பாவின் மூச்சு நின்றது. அம்மா உடனே அழவில்லை. "காய்ஞ்ச விரிப்பு ஒண்டு எடுத்துவா பிள்ளை," என்றாள். காய்ந்தது ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் செத்தவீட்டுக்கு வட்டக்கச்சியிலிருந்து மீனம்மா அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. கேற்றடியிலேயே "அண்ணே" என்று கத்திக்கொண்டு விழுந்தாள். ஆண்கள் கிணற்றில் அள்ளி அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். அவர் நெற்றியில் நீர் வழிவதைப் பிரேமிளா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வாளியும் இறங்கி ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெட்டி வெளிக்கிடுவதற்குச் சற்று முன் யோகலிங்கம் மாலையோடு வந்தார். அப்பாவின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். அம்மாவிடம் துக்கம் விசாரித்தார். பிறகு பந்தற்காலடியில் நின்ற பிரேமிளாவிடம் வந்தார்.

"நாளைக்கு அந்த அலுவலைப் பற்றி யோசியாதேங்கோ தங்கச்சி. நீங்கள் வரேலாத நிலைமை எண்டு நானே ஒஃபிசில சொல்லிவிடுறன்."

அவர் அதைத் தணிந்த குரலில்தான் சொன்னார். அது கரிசனையா, கெட்டித்தனமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முறைப்பாடு கொடுத்தவர் வராவிட்டால் விசாரணை முடிந்துபோகும் என்பது மட்டும் தெரியும்.

"நான் வருவன்," என்றாள்.

அத்தைக்கு அது கேட்டிருந்தது. சுடலைக்குப் போன ஆண்கள் திரும்பி, எல்லோரும் தலை முழுகியபின் பிரேமிளாவைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"உனக்கென்னடி விசர்? அங்க நெருப்பு இன்னும் ஆறேல்ல. செத்தவீட்டுத் துடக்கோட ஒஃபிசுக்குப் போறியா? தோய்க்கிறதுக்கு இனி இந்த வீட்டில என்ன கிடக்கு?"

"தெரியேல்ல அத்தை. ஆனா அந்த முதலாளி எங்கட தண்ணியைப் பற்றி அப்பாவுக்குக் கேக்கக் கதைச்சவர்."

"சரி, கதைச்சார். நீ அங்க போய்க் கதைச்சா அண்ணன் எழும்பி வருவாரா?"

அத்தை மூக்கைச் சீறிக்கொண்டு வெளியே போனாள்.

காலையில் பிரேமிளா வெளிக்கிட்டபோது அம்மா கேற்றடியில் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பழைய வெளிர்ச் சேலை.

"நானும் வாறன்."

"வேண்டாம் அம்மா. சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும்."

பஸ்ஸில் பிரேமிளா சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தாள். எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர். அப்பா வெட்டிய கிணறு. ஊரே அள்ளிக் குடித்தது. ஓமந்தை தாண்டியபோது அவளுக்கு விளங்கியது: அப்படிச் சொன்னால் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். பரிசோதித்தால் யோகலிங்கம் சொன்னதுதான் சரியாக வரும். பக்கத்தில் அம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள்.

விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. மேசைக்கு அந்தப் பக்கக் கதிரையில் யோகலிங்கம். அம்மாவைக் கண்டதும் பாதி எழும்பி மறுபடி இருந்தார். அவர் தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் அதிகாரி பிரேமிளாவிடம் திரும்பினார்.

"உங்கட கிணத்துத் தண்ணி கூடாது, அதாலதான் பழுது எண்டு இவர் சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

பிரேமிளா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே தொடங்கினாள்.

"ஓம் மிஸ். எங்கட தண்ணி கூடாது."

மடியில் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் நின்றன.

"எங்கட கிணறு மட்டும் இல்லை. எங்கட பக்கம் கனக்கக் கிணறு அப்பிடித்தான். கிளினிக் நாளில ஆஸ்பத்திரியில வந்து நிண்டு பாருங்கோ, கிட்னி வருத்தக்காரர் எத்தினை பேர் எண்டு. எங்கட அப்பா முந்தநாள் செத்தவர். இவருக்கும் தண்ணியைப் பற்றித் தெரியும் மிஸ். இவற்ற கடையில குடிக்கிறதே போத்தில் தண்ணி. மெஷின் எடுக்கேக்குள்ள எந்த ஊருக்குக் கொண்டுபோறீங்கள் எண்டு கேட்டவர். நான் சொன்னனான். அப்ப ஒரு சொல்லு, இந்தத் தண்ணிக்கு இது தாங்காது பிள்ளை எண்டு சொல்லியிருந்தா, நான் வேற பாத்திருப்பன். இல்லாட்டிக் கையால தோய்ச்சிருப்பம்."

அதிகாரி யோகலிங்கத்தைப் பார்த்தார்.

"சொல்லி வித்தனீங்களோ?"

"வாற ஒவ்வொருத்தருக்கும் தண்ணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா வியாபாரம் செய்யேலாது மிஸ்."

"அப்ப சொல்லேல்ல."

யோகலிங்கம் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

வேறு மெஷின் கொடுக்க வேண்டும், இந்தத் தண்ணீருக்குத் தாங்கக்கூடியதாக, வடிகட்டியும் கடைச் செலவில் பூட்டிக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. வெளியே வந்தபோது யோகலிங்கம் அம்மாவிடம், "குறை நினையாதேங்கோ," என்றார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் இருந்தாள். பிரேமிளாவுக்கு ஏதாவது கதைக்க வேண்டும் போலிருந்தது. அப்பாவிடம் நல்ல தண்ணீர் என்று சொன்ன வாய்தான் இது என்பதை அம்மாவும் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. புளியங்குளமும் போனது. இறங்குகிற இடம் நெருங்கும்போதுதான் அம்மா வாய் திறந்தாள்.

"உள்ளதைத்தானே சொன்னனீ."

சொல்லிவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். பஸ் நின்று, கொண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழும்பினாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சில நாள் கழித்து மெஷின் வந்தது. முன்பு வந்த திருத்துகிறவர்தான் பூட்ட வந்தார். முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்துச் சற்று நின்றார். வடிகட்டியைச் சுவரில் அறைந்து, குழாயைப் பொருத்தி, மட்டம் பார்த்து முடித்தார்.

"ஊத்தை உடுப்பு ஏதும் இருந்தாப் போடுங்கோ அம்மா. ஒருக்கா ஓட்டிக் காட்டிப்போட்டுத்தான் நான் போகவேணும்."

பிரேமிளா கூடையை எட்டிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. இரண்டு பேருடைய துணியையும் அம்மா விடியவே தோய்த்துவிட்டிருந்தாள். அப்பாவின் விரிப்புகளும் அவர் உடுத்த சாரங்களும் பாயோடு சுடலைக்குப் போய்விட்டன.

அம்மா உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மடித்து அடுக்கிய, உடம்பு துடைக்கும் துவாய்களோடு வந்தாள். ஒவ்வொன்றாக மடிப்பைக் கலைத்து மெஷினுக்குள் போட்டாள்.

"இது தோய்ச்சதெல்லோ அம்மா?"

"பறவாயில்லைத் தம்பி. ஓட்டும்."

அவர் மூடியை மூடி விசையை அழுத்தினார். தண்ணீர் இறங்கியது. மெல்லச் சுழலத் தொடங்கியது. மூடியின் கண்ணாடி வழியாக மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைத் துவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு சுற்றிச் சுற்றி வந்தன. நெடுநேரமாகியும் தண்ணீர் கலங்கவில்லை.