கழற்றி வைத்த கார்டு

சத்தம் நின்றதுதான் முதலில் தெரிந்தது.

கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்பவர்களுக்கு விசிறிச் சத்தம் காதில் விழாது. முட்டைகளை அடைகாக்கும் நான்கு இன்குபேட்டர் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு, ஒவ்வொன்றிலும் ஆறு விசிறிகள். வேலைக்கு வந்த முதல் வாரம் தலை வலிக்கும், பிறகு அப்படி ஒரு சத்தம் இருப்பதே மறந்துபோகும். அந்த வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில், ஸ்டோர் ரூமில் லேபிள் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று யாரோ என் காதுகளைப் பொத்தியதுபோல இருந்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் இருக்கிறது, விசிறி ஓடவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். நான்கு பெட்டிகளின் சூடு, ஈரம், விசிறி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒற்றைக் கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது. பத்து வருடப் பழசு. திரையில் வழக்கமாக இருக்கும் நான்கு கட்டங்களைக் காணோம். நீலத்தின் நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வரி: ‘புதிய இயங்குதளம் நிறுவப்படுகிறது. 63 சதவீதம். கணினியை அணைக்க வேண்டாம்.’

அபாய மணி அடிக்கவில்லை. அதை அடிக்க வேண்டியதும் இதே கம்ப்யூட்டர்தான்.

அது ஏன் இப்படி ஆனது என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, எல்லாக் கிளைகளும் தங்கள் கம்ப்யூட்டர் புதியதைத் தாங்குமா என்று சோதித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்றார்கள். சோதிக்க ஒரு சின்ன நிரலும் கொடுத்திருந்தார்கள். ஓட்டினேன். பிராசசர் பச்சை. மெமரி பச்சை. டிஸ்க் பச்சை. கடைசி வரி மட்டும் சிவப்பு: ‘ஒரு சாதனம் பொருந்தவில்லை.’

எந்தச் சாதனம் என்று தேடவே வேண்டாம். விசிறிகளுக்குக் கட்டளை அனுப்பும் கார்டு அது. உள்ளங்கை அகலம், பச்சைப் பலகை. அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. புதிய இயங்குதளத்தில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் இல்லை.

சிவப்பு வந்தால் நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். காரணம் எழுத வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும். அன்று கடைசித் தேதி வேறு. மேனேஜர் என் அக்கா புருஷன். அவர் வாசலில் நின்றுகொண்டு, “மச்சான், எல்லாக் கிளையும் அனுப்பிட்டாங்களாம், நம்மது மட்டும் பாக்கியாம். மானத்த வாங்காத” என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அந்த நேரம் நான்கு பெட்டிகளும் கழுவிக் காயவைத்துக் காலியாக இருந்தன. கம்ப்யூட்டரை அணைத்தேன். மூடியைத் திறந்து கார்டை உருவி மேசையில் வைத்தேன். மறுபடி சோதித்தேன். எல்லாம் பச்சை. அதைப் படம் பிடித்துக்கொண்டு கார்டைத் திரும்பச் செருகினேன். மாமா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பார்த்த ஒரே ஆள் விளக்கக்கா. இருட்டறையில் முட்டையை விளக்கில் காட்டி உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். “என்ன தம்பி, பல்லு புடுங்குற மாதிரி புடுங்குற? வலிக்காதா அதுக்கு?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. மாற்றுவதற்கு முன் யாராவது ஆள் வருவான், அவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் அன்றே பழைய டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். தேதி எழுதி ஒட்டி, காம்பவுண்டுக்குப் பின்னால் நான் தங்கியிருக்கும் அறையில், மேசை டிராயருக்குள் ஒரு காலுறையில் சுற்றி வைத்தேன். நேர்மையான ஆளாக இருந்தால் அலுவலக அலமாரியில் வைத்திருப்பேன்.

விசிறி நின்றது தெரிந்து மாமா ஒற்றைச் செருப்போடு கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி வந்தார்.

“என்னடா கூத்து இது?”

“அப்டேட் ஓடுது மாமா.”

“யாரு ஓடவிட்டா?”

“ஹெட் ஆபீஸ்லேருந்து தானா ஓடுது.”

“நிப்பாட்டு.”

“நிப்பாட்டினா அரைகுறையா நின்னுரும்.”

“இப்ப என்ன முழுசா நிக்குதாக்கும்!”

முதல் மூன்று பெட்டிகளில் இருப்பவை இளம் முட்டைகள். ஒரு மணி நேரம் ஆறினாலும் தாங்கும். நான்காவதில் பதினேழு நாள் முட்டைகள், பத்தொன்பதாயிரம். அந்த வயதில் ஓட்டுக்குள் இருப்பது ஏறக்குறையக் குஞ்சு. அதற்கே உடம்புச் சூடு உண்டு. பத்தொன்பதாயிரம் சின்ன அடுப்புகளை அடுக்கிக் கதவைச் சாத்தி, விசிறியையும் நிறுத்தினால் என்ன ஆகும்? முப்பத்தேழரையில் இருக்க வேண்டும். முப்பத்தொன்பதைத் தாண்டினால் சாக ஆரம்பிக்கும். நாற்பதில் நேரம் நீள நீளச் சாவு கூடும்.

“நாலாம் நம்பர் கதவத் தொறங்க! தட்ட வெளிய இழுங்க!” மாமா கத்தினார். விளக்கக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் ஓடினார்கள். அந்தப் பெட்டியில் தட்டுகள் சுவரோடு பொருத்திய சட்டங்களில் இருக்கின்றன. நூற்றிருபத்தெட்டுத் தட்டுகள். ஒவ்வொன்றாகக் கையால்தான் உருவ வேண்டும். முன்வரிசை ஆறும். நடுவில் இருப்பவை வெந்துகொண்டே இருக்கும்.

மாமா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சார், உங்க மெஷின் பச்சை சார். பச்சை வந்ததுக்கெல்லாம் அப்டேட் தானா போயிரும். மெயில் அனுப்பினோமே.”

“யோவ், உள்ள எழுவத்தஞ்சாயிரம் முட்டை இருக்குய்யா!”

“முட்டை என் ஸ்க்ரீன்ல தெரியாது சார். பச்சைதான் தெரியுது. உங்க கையெழுத்துகூட இருக்கு.”

மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நான் என்னத்துலடா கையெழுத்துப் போட்டேன்?”

“டெஸ்ட் ரிப்போர்ட் மாமா.”

“அதுல சரியா இருந்துச்சுல்ல?”

“பச்சையா இருந்துச்சு.”

பொய் இல்லை. அதில் இருந்த கேவலமே அதுதான்.

அதற்குள் நூறு சதவீதம் ஆகி, திரையில் ஓர் ஏரியும் மலையும் வந்தன. ‘வரவேற்கிறோம்.’ விசிறி நிரலைத் திறந்தேன். நான்கு கட்டங்களும் சாம்பல் நிறம். ‘கார்டு கிடைக்கவில்லை.’

“விசிறிக்கு நேரா ஒயர் குடுத்துரலாமா?” என்றார் மாமா.

“கரண்ட் போய்ட்டுதான் இருக்கு மாமா. நடுவுல இருக்கிற கண்ட்ரோல் பொட்டி இதோட கட்டளைக்குக் காத்துட்டு நிக்குது. அது சீல் வச்சது. கம்பெனி ஆளு வர ரெண்டு மணி நேரமாகும்.”

“ரெண்டு மணி நேரத்துல ஆம்லெட்டே ஆயிரும்.”

அவர் தட்டு இழுக்க ஓடினார். நானும் ஓடினேன். செய்ய வேண்டியது அதுவல்ல என்று தெரிந்தேதான் ஓடினேன்.

என் டிராயர் இருநூறு அடி தூரத்தில் இருக்கிறது. அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டினால் விசிறி ஓடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: சரியாக இருந்த கம்ப்யூட்டருக்கு நீ ஏன் திருட்டுத்தனமாக நகல் எடுத்தாய்? டிஸ்க்கின் மேல் தேதி இருக்கிறது. ரிப்போர்ட்டிலும் அதே தேதி. சும்மா இருந்துவிட்டால் குற்றம் ஹெட் ஆபீஸ்மேல் போகும். அல்லது படிக்காமல் கையெழுத்துப் போட்ட மாமாமேல் போகும். என்மேல் வராது. தட்டைத் தூக்கி வைத்துக்கொண்டே இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கவனம் பிசகி ஒரு தட்டு சாய்ந்தது. நான்கைந்து முட்டைகள் தரையில் உடைந்தன. ஒன்றிலிருந்து ஈரமான, இறகு முளைத்த ஒன்று வெளியே வந்து காலை அசைத்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கம்ப்யூட்டர் நின்ற பிறகு சூட்டைக் காட்ட, பெட்டிக்குள் நடுச்சட்டத்தில் தொங்கும் பழைய தெர்மாமீட்டர் மட்டும்தான் மிச்சம். விளக்கக்கா டார்ச் அடித்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

“முப்பத்தெட்டு புள்ளி ஏழு.”

பெட்டிக்குள் காற்று அசையவே இல்லை. முகத்தை நீட்டினால், காய்ச்சல்காரன் மூச்சு விடுவதுபோல அடித்தது.

“முப்பத்தொம்பது.”

தட்டுகள் உரசும் சத்தம் மட்டும்.

விளக்கக்கா என் பக்கத்தில் வந்து தட்டை வாங்கும் சாக்கில் மெதுவாகக் கேட்டாள். “அன்னைக்கு ஒண்ணப் புடுங்கினியே தம்பி. அதுவா?”

“எதுக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். மாமாவிடம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. திரும்பி டார்ச்சை அடித்தாள்.

“முப்பத்தொம்பது புள்ளி நாலு” என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அதற்குப் பிறகு எல்லா எண்ணையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். முப்பத்தொன்பது புள்ளி ஆறு. முப்பத்தொன்பது புள்ளி ஏழு. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஓடினேன். சாம்பல் கட்டத்தைப் பார்த்ததிலிருந்து பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. பிறகு கடிகாரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன், குத்துமதிப்பாகச் சொல்லவில்லை.

டிராயர் சிக்கிக்கொண்டது. உதைத்துத் திறந்தேன். காலுறையோடு எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி டிஸ்க்கை மாற்றினேன். ஸ்க்ரூ போடவில்லை, தொங்கவிட்டேன். பட்டனை அழுத்தினேன்.

கறுப்புத் திரை. ‘துவக்க வட்டு இல்லை.’

மறுபடி அணைத்துப் போட்டேன். அதே வரி. நகல் எடுத்ததுதான் எடுத்தேன், அது ஓடுகிறதா என்று ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. வெளியே மாமா, “டேய், என்னடா பண்ற அங்க?” என்று கத்தினார். விளக்கக்கா குரல்: “நாப்பது.”

பிறகுதான் உறைத்தது. புதிய இயங்குதளம் ஏறும்போது கம்ப்யூட்டர் துவங்கும் விதத்தையே மாற்றி வைத்துவிட்டது. கம்ப்யூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பழைய விதத்துக்குத் திருப்பினேன். விரல் வியர்வையில் வழுக்கி இரண்டு தடவை தவறான வரியில் போய் நின்றது. மறுபடி போட்டேன். பழைய திரை வந்தது. அது எப்போதும் நான்கு நிமிடம் எடுக்கும். அன்றும் எடுத்தது. அதற்கு என்ன அவசரம்.

ஒரு கட்டம் பச்சையானது. பிறகு இன்னொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் முதல் விசிறி முனகியது, இரண்டாவது, மூன்றாவது. வெளியே பெண்கள் ஏதோ கத்தினார்கள். நான் நாற்காலியில் உட்காரப் போனேன்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. ‘உங்கள் கணினி புதிய இயங்குதளத்துக்குத் தயார். 15 நிமிடத்தில் நிறுவல் தொடங்கும்.’

ஹெட் ஆபீஸ் பட்டியலில் நாங்கள் இன்னும் பச்சை. நெட்வொர்க் கேபிளைப் பிடித்து இழுத்தேன். கிளிப் உடைந்து கையோடு வந்தது.

திரும்பினால் வாசலில் மாமா. அவர் என்னைப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த டிஸ்க்கில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தார். தரையில் கிடந்த காலுறையைப் பார்த்தார்.

“நான் கையெழுத்துப் போட்ட அன்னைக்கா இது?”

“ஆமா மாமா.”

“தெரிஞ்சேதான் நீட்டினியா?”

“கார்டைக் கழட்டி வச்சிட்டு டெஸ்ட் பண்ணேன். அப்பதான் பச்சை வந்துச்சு.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வெளியே போய் இன்னொரு செருப்பைத் தேடினார்.

மறுநாள் காலை நடுத்தட்டுகளை விளக்கில் பார்த்தோம். இருட்டறையில் விளக்கக்கா ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்தாள். உயிர் இருந்தால் உள்ளே நிழல் அசையும். நான் பக்கத்தில் நின்று குறிக்க வேண்டும்.

“இருக்கு. இருக்கு. இல்ல. இல்ல. இல்ல. இருக்கு. இல்ல.”

ஓரத்தட்டுகளில் சேதம் குறைவு. நடுவில் பாதிக்கு மேல் இல்லை. நான் பதினோரு நிமிடம் முன்னால் ஓடியிருந்தால் எத்தனை இருந்திருக்கும் என்று அவளிடம் கேட்டேன். “அத என்கிட்ட ஏன் கேக்குற?” என்றாள். அடுத்த முட்டையை எடுத்தாள்.

மதியம் கட்டுப்பாட்டு அறையில் அதே சோதனை நிரலை ஓட்டினேன். கார்டு அதன் இடத்திலேயே இருந்தது. பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு. நான்கு பக்கப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில், முந்தைய அறிக்கை எப்படிப் பச்சையானது என்பதை எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. மேனேஜர் கையெழுத்துக்கு மாமாவிடம் நீட்டினேன்.

இந்த முறை படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“உங்க அக்காகிட்ட நீயே சொல்லிரு” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரில் கேபிள் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்து நான்கு விசிறிகள் ஓடின. இப்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக. எது நிற்கப்போகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது நிமிடத்தில் போன் அடித்தது. மாமா எடுத்தார், கேட்டார், ரிசீவரை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

“உனக்குத்தான்.”