குட்டையின் வருகைப் பதிவேடு

ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் முப்பத்தொரு பிள்ளைகளும், அவர்களுக்குக் கீழே நூற்று நாற்பத்திரண்டு செடிகொடிகள், பூச்சிகள், பறவைகள், மீன்கள், தவளைகளும் இருந்தன. பெயரைக் கூப்பிட்டால் எல்லாமே "உள்ளேன் டீச்சர்" என்றன. பள்ளிக்குப் பின்னால் இருந்த குட்டையைச் சுற்றி என்னென்ன வாழ்கிறது என்று பிள்ளைகளோடு வரைபடம் போடக் கிளம்பிய டீச்சர், கட்டம் போட்ட நோட்டு வேறு கிடைக்காமல் பதிவேட்டின் மீதிப் பக்கங்களில் பென்சிலால் பட்டியல் எழுதி வைத்திருந்தார். பதினெட்டு வருடப் பழக்கம், ஒரு காலையில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போய்விட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தவளை முதலில் பதில் சொன்னது. செடிகள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லும். நத்தைக்கு மட்டும் இடைவேளை வரை காத்திருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்து, பக்கத்து வகுப்பில் பரீட்சை நடக்கிறது, எல்லோரும் கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வருடா வருடம் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள், கீழே இருந்தவர்கள் ஐந்திலேயே இருந்தார்கள்.

மூன்றாம் வருடம், குட்டையை மூடி வண்டி நிறுத்த இடம் கட்டுவதென்று நகராட்சி முடிவு செய்தது. ஆய்வாளர் பார்வையிட வந்தார். வந்தார் என்று சொல்வதே அதிகம். ஜீப் கண்ணாடியைப் பாதி இறக்கினார், படிவத்தில் 'உயிரினங்கள்' என்ற இடத்தில் 'ஏதும் இல்லை' என்று எழுதினார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அப்போது ஜீப்பின் மேலேயே ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

டீச்சர் பதிவேட்டையும் வரைபடத்தையும் சுருட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். ஆய்வாளர் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சிரித்தார். அங்கே இருந்தவை அநேகமாக எல்லாம் பிள்ளைகள் வைத்த பெயர்கள்: சண்டைக்காரி, குட்டைப்பாவாடை, மூக்கன், பொய்க்கோபம். ஒரு பெயரில் மட்டும் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தூங்குமூஞ்சியா? இது யாரு, உங்க ஹெட்மாஸ்டரா? போங்கம்மா, போய்ச் சரியான பேரா எழுதிட்டு வாங்க."

பட்டியலிலேயே பிள்ளைகள் வைக்காத, புத்தகத்தில் உள்ள பெயர் அது ஒன்றுதான். அலுவலக வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில்தான் ஆய்வாளருடைய நாற்காலியே கிடந்தது.

டீச்சர் செய்த ஒரே தப்பு, அந்த ஆள் பேச்சைக் கேட்டதுதான். விடுமுறை இரண்டு நாளும் உட்கார்ந்து பிள்ளைகள் வைத்த பெயர்களை ரப்பரால் அழித்து, அந்த இடங்களில் புத்தகப் பெயர்களை எழுதினார். திங்கட்கிழமை கூப்பிட்டார். தூங்குமூஞ்சியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. குட்டையில் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் ஒன்றும் இல்லை. வாயாடி என்று பேர் வாங்கிய சிறுமி எழுந்து நின்றாள்.

"யாரக் கூப்பிடுறீங்க டீச்சர்? இந்தப் பேர்ல இங்க யாருமே இல்லையே."

அன்று மதியம் ஆய்வாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஜீப்பை விட்டு இறங்கிக் குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, நான் அப்பவே எழுதினேனே என்று சொல்லி, ஜீப் மேலேயே வைத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் லாரி வந்து வடக்கு மூலையில் முதல் லோடு மண்ணைக் கொட்டிவிட்டது. டீச்சருக்கு ஆய்வாளர்மேல் வந்த கோபத்தைவிட, கையில் ரப்பரைப் பிடித்த தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. பதிவேட்டை வேலியோரம் விரித்தார். அழித்த பெயர்களின் தடம் தாளில் இருந்தது, தடம் இல்லாததைப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். சண்டைக்காரி உள்ளேன் என்றது. மூக்கன் உள்ளேன் என்றது. நூற்று முப்பத்தெட்டு பேர் சொன்னார்கள். வடக்கு மூலையில் இருந்த நான்கு பேர் சொல்லவில்லை. பிள்ளைகள் மண்ணைக் கையால் தோண்டினார்கள். டீச்சர் அந்த நால்வரையும் மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அடுத்த வரியில் 'ஆய்வாளர்' என்று எழுதி, கூப்பிடாமலேயே எதிரில் 'இல்லை' என்று போட்டார்.

இரண்டாவது லாரிக்காரர் உத்தரவை எடுத்துக் காட்டினார். கையெழுத்து இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. கையெழுத்து இல்லாத காகிதத்தை நம்பி மண் கொட்டத் தனக்கென்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டு, அவர் வண்டியைத் திருப்பினார். அலுவலகத்தில் ஆய்வாளரின் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். அவருடைய பழைய துணிகளைத் தன் தம்பிக்குக் கொடுத்தாள். புது ஆய்வாளர் ஒரு பெண். இரண்டு நாள் பிள்ளைகளோடு சேற்றில் நடந்து, படிவத்தில் இடம் போதாமல் தாள் ஒட்டி எழுதினாள். குட்டை தப்பியது.

கொஞ்ச நாளில், பெயர் கூப்பிடும் நேரத்தில் வேலியோரப் புல் இரண்டு செருப்பு அளவுக்குத் தானாக அமுங்குவதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். மழையானாலும் வெயிலானாலும் அது வரும். தலைமை ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அந்த ஆய்வாளரை ஒரு தடவை கூப்பிட்டுவிடுங்களேன் என்றார்.

"நாலு பேரு மண்ணுக்கடியில கிடக்குறாங்க சார். அவங்க உள்ளேன்னு சொல்லட்டும், நான் கூப்பிடுறேன்."

ஆறு வருடம் போயிற்று. டீச்சர் கூப்பிடவில்லை, கோபமும் தணியவில்லை. இந்த வருடப் பிள்ளைகள் வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு செருப்புத் தடம் வரைந்து, பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள்: காலையில் வரும். உருவம் தெரியாது. என்ன சாப்பிடும் என்று தெரியவில்லை. இதுவரை யாரையும் கடித்ததில்லை.