கடலைக் காட்டிய வெட்டு

கடலுக்கும் ஊருக்கும் இடையே, அடும்புக் கொடி படர்ந்து, கூரிய புல் வேரூன்றி, காற்று கொணர்ந்த மணலை நெடுநாளாய்ச் சேர்த்துவைத்து உயர்ந்து கிடந்த மணல்மேட்டின்மீது, அன்று கதிரவன் முகங்காட்டாமலேயே சாய்ந்தான். பறவைகள் கூட்டங்கூட்டமாய் நிலம் நோக்கிப் பறந்தன. அம்மேட்டில் ஒரேயோர் இடத்தில் வண்டி நுழையும் அகலத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. அன்புடையீர், அதை வெட்டுவித்தவர் நம் விடுதிக்காரர்.

மாடியறைச் சாளரத்தைத் திறந்தால் விருந்தினர்க்குக் கடல் தெரியவேண்டும் என்பது அவர் விருப்பம். வெட்டத் தொடங்கிய அன்றே, விடுதியின் பின்தெருவில் வாழ்ந்த அவர் தங்கை, கூரைவேலையில் விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்த தச்சனாகிய தன் கணவனை எண்ணி ஓடிவந்தாள்.

"அண்ணா, புயல் வந்தா அந்த மேடுதானே நமக்குச் சுவரு? அவரால எழுந்து ஓடக்கூட முடியாதே."

"அட போம்மா! மணல்தானே, காத்தே கொண்டாந்து அடைச்சிடும்."

காற்றும் ஓரத்துக் கொடிகளும் அடைக்கத்தான் முயன்றன. கடல் மறைகிறதே என்று அவரே ஆள்விட்டு அம்மணலை அள்ளி அப்புறப்படுத்தினார்.

கதிரவன் முகங்காட்டாத அம்மாலை புயல் கரையேறிற்று. அலைகள் மோதமோத, மேடு தன் மணலை வாரிக் கொடுத்துத் தேய்ந்ததேயன்றி வழிவிடவில்லை. அதன் பின்னிருந்த தெருக்களில் ஓடுகள் பறந்தன, உயிர்கள் போகவில்லை. வெட்டிலோ, திறந்த வீட்டினுள் நுழைவதுபோல் கடல் நுழைந்து, கருங்கல் விடுதியை இருபுறமும் சுற்றிக்கொண்டு, பின்தெருவின் மண்சுவர்களைச் சாய்த்தது. தங்கை தன் கணவனைத் தோளில் தாங்கி வாயில்வரை இழுத்துவந்தாள். அங்கே நீர் அவனை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டது.

நீர் வடிந்து, உடலை அடக்கம் செய்தபின், வீடிழந்த தங்கையை விடுதிக்காரர் மாடியறைக்கு அழைத்துவந்தார்.

"இனிமே இதுதாம்மா உன் வீடு," என்றார்.

அவள் சாளரத்தைத் திறந்தாள். வெட்டின் வழியே, ஒன்றும் அறியாததுபோல் கடல் கிடந்தது.

"நல்லாத்தான் தெரியுது, அண்ணா."

அவர் படியிறங்கி, கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வெட்டை நோக்கி நடந்தார். பற்றி நிறுத்தும் கொடிகளையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டமையால், அவர் பகலெல்லாம் கொட்டிய மணலை மாலைக்காற்று கலைத்தது. மறுநாளும் கொட்டினார், மறுநாளும் கலைந்தது. மேலே சாளரத்தில் நின்ற தங்கை, அவரை வா என்றும் அழைக்கவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை.