பதினான்கு விநாடி

போதகர் அந்த ஒலிப்பதிவை நாற்பது தடவையாவது கேட்டிருப்பார். மொத்தம் முப்பத்தொரு நிமிடம். இருபத்திரண்டாவது நிமிடம் நெருங்கினால் போதும், ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நூலக ஜன்னல் வழியே சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அந்த நிமிடத்தில் யாரும் கத்தவில்லை, அழவில்லை. ஒருவர் ஒரு கேள்வி கேட்கிறார். பதினான்கு விநாடி யாரும் பேசவில்லை. அவ்வளவுதான். ஆனால் கேட்டவர் மறுநாள் விடிகாலை செத்துப்போனார். பதில் சொல்ல வேண்டியவர் போதகர்.

கேட்டவரைச் சபையில் எல்லோரும் ஃப்ரீஸர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கியவர். வெயில் கொளுத்தும் நாளிலும் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டே இருப்பார். வேலையை விட்டு வந்த பிறகும் குளிர் விடவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஞாயிறு மதியம் மூன்றாவது வரிசை, வலது ஓரம் அவர் இடம். போதகரின் பிரசங்கம் நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் அந்தத் தேய்ப்புச் சத்தம் கூடும். கடிகாரம் பார்க்கவே வேண்டாம்.

போதகர் படும் பாட்டை ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டுமென்றால், ஓட்டம். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி, மூன்றாம் வருடம். பிழைக்க வந்த நாட்டில் குற்ற உணர்வோடு வாழ்பவர்களின் விசுவாசம் பற்றியது தலைப்பு. வாரக் கடைசியில் சபை. வேறொரு சபையின் ஆலயத்தை ஞாயிறு இரண்டிலிருந்து நான்கு வரை வாடகைக்கு எடுத்து, அவர்கள் விட்டுப்போன காப்பிக் கோப்பைகளை ஒதுக்கி, நாற்காலி போட்டு, மைக் கட்டி, பிரசங்கமும் பண்ணி, மறுபடி நாற்காலி அடுக்க வேண்டும். மனைவி முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அவர் பொறுப்பு. அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே போனில் யாருக்காவது ஜெபித்துக்கொண்டிருப்பார். ஆமென் சொல்லும்போது அடிப்பிடித்திருக்கும்.

"ஊருக்கெல்லாம் நீங்க பாஸ்டர். இந்த வீட்டுக்கு மட்டும் பேயிங் கெஸ்ட்" என்பாள் மனைவி. கோபத்தில் சொல்வது பாதி, பரிதாபத்தில் சொல்வது பாதி.

ஆராய்ச்சிக்குப் பன்னிரண்டு பேரைப் பேட்டி எடுக்க வேண்டியிருந்தது. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது ஆள் வரேன் வரேன் என்று இழுத்தடித்து, வேறு நகரத்துக்கே வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அத்தியாயம் கொடுக்க இரண்டு வாரம்தான் பாக்கி. அப்போதுதான் ஃப்ரீஸர் அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மனைவி போன் செய்தாள். "ஐயா, அவர் உங்ககிட்ட ஏதோ பேசணுமாம். கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

போக வேண்டியது போதகர். போனதும் போதகர்தான். ஆனால் பையில் வேதாகமத்தோடு ஒப்புதல் படிவமும் கேள்வித்தாளும் இருந்தன. வகுப்பு முடிந்து மகளைக் கூட்டப் போவதற்கு இடையில் கிடைத்த நேரம் ஒன்றேகால் மணி. ஒரே நடையில் ரெண்டு வேலையும் முடிந்துவிடும் என்று பஸ்ஸில் நினைத்ததை அவர் இன்று வரை மறக்கவில்லை. அப்படி நினைத்ததும் மனது லேசானதைக்கூட அவரால் மறக்க முடியவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் கட்டில் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணனின் மனைவி, சபையில் எல்லோருக்கும் அக்கா, எழுந்து இடம் கொடுத்தாள். "பேசிட்டிருங்க ஐயா, நான் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டாள். ஆறு நாளாக அந்த நாற்காலியை விட்டு அவள் நகரவில்லை என்று நர்ஸ் சொன்னாள். போதகர் விஷயத்தைச் சொல்லிப் படிவத்தை நீட்டினார். அண்ணன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "உங்க படிப்புக்கு உதவும்னா நல்லதுதான ஐயா" என்றார். போதகர் கைபேசியை மருந்து மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

அன்று அண்ணன் சொன்னதை அவர் வாழ்நாளில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கேட்ட கடைசிக் கேள்வியைத்தான் போதகர் விழுங்க முடியாமல் தவிக்கிறார். ஆராய்ச்சி முறை ஒன்று உண்டு. பேட்டி எடுப்பவர் ஆறுதல் சொல்லக்கூடாது, தீர்ப்புச் சொல்லக்கூடாது, பதிலை எடுத்துக்கொடுக்கக்கூடாது. போதகர் அதைக் கடைப்பிடித்தார். கருவியை அணைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கருவியை அணைத்தபோது மணி இரண்டு நாற்பது. மூன்று பத்துக்குப் பள்ளி விடும். "வியாழக்கிழமை வரேன் அண்ணே, நிதானமா உட்கார்ந்து ஜெபிப்போம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். புதன்கிழமை விடிகாலையில் அண்ணன் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் போதகர் மன்னிப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். வந்தவர்களில் கண் கலங்காதவர்கள் இல்லை. இவ்வளவு உருக்கமாக இதுவரை பேசியதில்லை என்றார்கள். போதகர் யாரிடமும் நிற்காமல் பின்வாசல் வழியே வெளியேறினார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. முதல் ஞாயிறு. மூன்றாவது வரிசை வலது ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. வசனம் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு அங்கிருந்து பரபரவென்று உள்ளங்கை தேய்க்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வாசித்த வசனத்தையே மறுபடி வாசித்தார். வேண்டுமென்றே அழுத்தம் கொடுக்கிறார் என்று நினைத்துப் பின்வரிசையில் ஒருவர் "ஆமென்" என்றார். அடுத்து நூலகத்தில், பகல் பதினொரு மணிக்கு, புத்தக அலமாரிக்குப் பின்னால். அப்புறம் மகள் பள்ளி வாசலில், அத்தனை பெற்றோர் கூட்டத்துக்கு நடுவில். திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு அம்மா குழந்தையின் கோட்டுக்கு ஜிப் போட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் மிரட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. அவசரமே இல்லாத ஒருவர் காத்துக்கொண்டிருக்கும்போது வரும் சத்தம், அவ்வளவுதான். அதுதான் போதகரைக் கொன்றது.

பேட்டியை எழுத்தாக்கிக் கொடுத்தாக வேண்டும். மௌனத்தைக்கூட விநாடிக் கணக்கில் குறிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. "மௌனம், 14 விநாடி" என்று தட்டச்சு செய்து அனுப்பினார். வழிகாட்டிப் பேராசிரியை வாசித்துவிட்டு, ஆய்வேட்டின் உயிரே இந்தப் பேட்டிதான் என்று எழுதியிருந்தார். அந்த மௌனத்துக்கு நேராக ஓரத்தில் தனியாக ஒரு குறிப்பு. நல்ல கட்டுப்பாடு, பாராட்டுக்கள். போதகர் மடிக்கணினியை மூடிவிட்டு நேரே கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினார்.

"அக்காவ போய்ப் பாத்தீங்களா?" என்று மனைவி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள்.

"இந்த வாரம் போகணும்."

"அஞ்சு வாரமா இந்த வாரம்தான் ஓடுது. என்னங்க ஆச்சு உங்களுக்கு? அந்தக்கா மூஞ்சிய பாக்கவே பயப்படுறீங்க."

பயம்தான். ஏனென்றால் அண்ணன் கேட்டது ஒரு கேள்வி மட்டுமில்லை. ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதுவும் ஒலிப்பதிவில் இருந்தது.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் வாசல் படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒன்றுமில்லை. உள்ளே வந்து, துவைத்த துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. அன்னைக்கு நீங்க போன்ல அவர் பேசினத பதிஞ்சீங்கல்ல? எனக்கு அவர் கொரல கேக்கணும். வீட்ல ஒரு வீடியோகூட இல்ல. எடுக்கப் போனா ஓடிருவாரு."

போதகர் சட்டென்று ஒரு கணக்குப் போட்டார். முதல் எட்டு நிமிடம் ஆபத்தில்லாதது. வந்த புதிதில் கதவு பூட்டிக்கொண்டு ஃப்ரீஸருக்குள் மாட்டியது, சூடாக இருக்க வேண்டி பெட்டிகளோடு குஸ்தி போட்டது எல்லாம் அதில்தான் வரும். அதை மட்டும் போட்டார். அக்கா சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எட்டாவது நிமிடத்தில் போதகர் நிறுத்தினார்.

"அவ்ளோதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். போதகர் வாயைத் திறந்தார். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைத் தாண்டி, அடுப்படிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் பரபரவென்று வந்தது.

"இருக்குக்கா" என்றார். "உங்ககிட்ட சொல்லச் சொன்னதும் அதுல இருக்கு. நான்தான் அஞ்சு வாரமா ஒளிஞ்சிட்டிருந்தேன்."

இருபதாவது நிமிடத்துக்கு நகர்த்தி மறுபடி ஓடவிட்டார். அண்ணனின் குரல் இப்போது தணிந்திருந்தது.

"எங்கம்மா செத்தப்ப லீவு தரலன்னு சொன்னேன்ல, அது பொய் ஐயா. மேஸ்திரி பத்து நாள் லீவு எழுதிக் கையில குடுத்தான். டிக்கெட்டுக்கும் ஆள் சொன்னான். நான் போகல. ரூம்ல போய்ப் படுத்தேன். மூணு நாள் தூங்கினேன். எழுந்திரிக்கவே தோணல. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. எம் பொண்டாட்டி ஊர்ல ஒத்தையா நின்னு எல்லாத்தையும் செஞ்சா. சொந்தக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொன்னா. அவகிட்ட நானே சொல்லணும்னு இருபது வருஷமா பாக்குறேன், வாய் வரல. நான் போயிட்டா நீங்க சொல்லிருங்க ஐயா."

அக்கா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அந்த மேஸ்திரிய நான் எவ்ளோ சபிச்சிருக்கேன்" என்றாள். "அவன் புள்ளகுட்டி வரைக்கும் சபிச்சிருக்கேன்."

போதகர் நிறுத்தப் போனார். வேண்டாம் என்று கையால் தடுத்தாள். ஒலிப்பதிவில் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டா ஐயா?"

பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கருவி பீப் என்றது. தள்ளுவண்டி ஒன்று வராந்தாவில் போனது. அதற்கப்புறம் போதகரின் குரல், தெளிவாக, தன்மையாக வந்தது. "அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் சபைக்குப் போறதுல ஏதாவது மாற்றம் இருந்துச்சா அண்ணே?"

அக்காவே கைபேசியில் ஒலிப்பதிவை நிறுத்தினாள். அவளுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது.

"அவர் கேட்டாரே ஐயா. ஏன் சொல்லல?"

"ஆராய்ச்சியில பதில் சொல்லக் கூடாதுக்கா. அப்படி ஒரு முறை. முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். பாப்பாவ கூப்பிடப் போகணும்னு மணி பாத்தேன்." சொல்லச் சொல்ல அவருக்கே அசிங்கமாக இருந்தது. "என் தப்புதான். வேற ஒண்ணும் இல்ல."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நீங்க பாஸ்டரா வந்திருக்கீங்கன்னு நெனச்சில்ல நான் எழுந்து வெளிய போனேன்" என்றாள். "படிப்புக்கு வந்தீங்கன்னு தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேன். அங்கயே இருந்திருப்பேன். அவர் கேட்டப்ப நான் சொல்லியிருப்பேன் ஐயா. கோவத்தோடயாவது சொல்லியிருப்பேன்."

போதகருக்கு அழுகை வந்தது. மேசையில் தலை கவிழ்ந்து, அக்கா பார்க்கிறாளே என்று யோசிக்காமல் அழுதார். அக்கா அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பிறகு கைபேசியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கொஞ்சம் பின்னாடி போங்க."

அவர் பின்னால் நகர்த்தினார். உண்டா ஐயா என்று அண்ணன் கேட்டார். அந்த மௌனத்துக்குள் அக்கா கைபேசி அருகில் குனிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவரிடம் பேசுவதுபோல, "உண்டுங்க. என் பக்கத்துலருந்தும் உண்டு. ஏன் இத்தன வருஷம் சொல்லாம..." என்பதற்குள் நேரம் போய்விட்டது. போதகரின் பழைய குரல் அவள் பேச்சின் மேல் ஏறிக்கொண்டது.

"இன்னொரு தடவ" என்றாள். "இந்தத் தடவ நீங்க சொல்லுங்க. அவர் உங்ககிட்டதான கேட்டாரு."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டா ஐயா. "உண்டு அண்ணே" என்றார். "உங்களுக்கு உண்டு. ஆண்டவர் மன்னிச்சிட்டாரு அண்ணே. நிம்மதியா இருங்க." ஆராதனையில்கூட அவர் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லி முடித்தும் ஏழெட்டு விநாடி மிச்சமிருந்தது. அத்தனை விநாடியும் ஃப்ரீஸர் அண்ணன் பதிலுக்காக மூச்சுவிட்டுக் காத்துக்கொண்டிருப்பது இருவருக்கும் கேட்டது. பிறகு ஐந்து வாரத்துக்கு முந்தைய போதகர், நிதானமாக, அடுத்த கேள்விக்குப் போனார்.