முப்பத்திரண்டாவது தடுப்பு

டப்பா மூடி அடிக்கும் பட்டறையில் ஃபிட்டருடைய வலக்கை மணிக்கட்டோடு துண்டாகி விழுந்தது ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு. செவ்வாய் காலை அவர் பல் துலக்கப் போனபோது அது பழையபடி முளைத்திருந்தது. நகங்கள் வெட்டியே வந்திருந்தன. கட்டைவிரலில் இருந்த பழைய சூட்டுத் தழும்பு மட்டும் இல்லை. அவர் மனைவி அந்தக் கையை முன்னும் பின்னும் திருப்பி, துணிக்கடையில் சாயம் போகுமா என்று பார்ப்பவளைப் போல விரலால் தேய்த்தும் பார்த்தாள். "ஒட்டு எதுவும் தெரியல. கிளம்புங்க, நேரமாச்சு," என்றாள். அவளுக்கும் அதே பட்டறையில்தான் வேலை, நாலாம் நம்பர் பிரஸ்ஸில். அவள் தங்கைக்கு ஐந்தாம் நம்பர்.

அந்தப் பட்டறையில் ஆறு பிரஸ்கள், ஆறிலும் பெண்கள்தான். தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து இரும்புத் தலை இறங்கி ஒரே அடியில் மூடியை வெட்டி எடுக்கும். உள்ளே கை இருந்தால் கையையும் எடுக்கும். ஒன்பது வருடத்தில் ஆறும் சேர்ந்து பதினேழு விரல் தின்றிருந்தன. தடுப்பு வைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். முளைத்த கையைப் பார்த்ததும் முதலாளி முகத்தில், சந்தையில் சல்லிசாகச் சரக்கு சிக்கியவரின் களை வந்தது. "தடுப்பைக் கட்டை வச்சுச் சோதிச்சா வெட்டுற அச்சோட விளிம்பு மழுங்குதுய்யா. உன் கை மழுக்காது பாரு," என்றார். ஃபிட்டர் ஒப்புக்கொண்டது முதலாளிக்காக இல்லை. மனைவியின் கையும் முளைக்கும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எத்தனை முறை சோதிப்பது என்பதில்தான் இழுபறி. "அறுபது தடவையாவது மாத்தி மாத்திப் பார்க்கணும் முதலாளி." "அறுபதா? நான் என்ன ராக்கெட்டா விடப்போறேன்? பதினஞ்சு." "ஐம்பது." "இருபது. அதுக்கு மேல கேட்டா பிரஸ்ஸையே வித்துட்டு வீட்டுல உக்காந்துடுவேன்." இருவரும் ஆளுக்கொரு தடவை வாசல்வரை கோபித்துக்கொண்டு போய்த் திரும்பியபின் முப்பத்தொன்றில் படிந்தது. அந்த எண்ணுக்கு இயந்திர சாஸ்திரத்தில் ஒரு நியாயமும் கிடையாது, பேரத்தில் உண்டு.

அவர் செய்தது ஒரு தள்ளுத்தடி. பெடலை மிதித்ததும் தடி குறுக்கே வீசி, உள்ளே இருக்கும் கையை வெளியே தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகு தலை இறங்கலாம். தினம் பதினொன்றேகாலுக்கு வலக்கையை உள்ளே வைப்பார், பெடலை மிதிப்பார், வெட்டு எங்கே விழுந்தது என்று இடக்கையால் நோட்டில் எழுதுவார், பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் புதுக் கையோடு வந்து தடியில் ஒன்றே ஒன்றை மாற்றுவார். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் என்பதில் அவர் கறார்; ஸ்பிரிங்கைத் தொட்ட அன்று நீளத்தைத் தொடமாட்டார், இல்லாவிட்டால் வெட்டியது எது காப்பாற்றியது எது என்று தெரியாமல் போய்விடும். முதல் ஏழு நாள் மணிக்கட்டிலேயே விழுந்தது. ரத்தம் கூரைத் தகடுவரை பீய்ச்சியடித்தது, கூட்டுகிற அம்மாள் மரத்தூளைக் கொட்டித் திட்டிக்கொண்டே அள்ளினாள், பின்பக்கத்து நாய்கள் ஒரு சுற்றுப் பெருத்தன. பத்தாவதில் வெட்டு உள்ளங்கைக்கு நகர்ந்தது, பதினெட்டில் விரல்களின் அடிக்கு, இருபத்தைந்தில் நடுக்கணுவுக்கு, இருபத்தொன்பதில் நகத்துக்கு. முப்பதிலும் முப்பத்தொன்றிலும் ஒரு கீறல் இல்லை. முதலாளி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஆறு பிரஸ்ஸுக்கும் அதே தடி மாட்டப்பட்டது.

மூன்றாம் நாள் ஐந்தாம் நம்பர் பிரஸ் ஃபிட்டரின் கொழுந்தியாளுடைய வலக்கையில் மூன்று விரலைக் கொண்டுபோனது. தடி வீசியது, ஆனாலும் கொண்டுபோனது. அவள் போட்ட அலறலில் மற்ற ஐந்து பிரஸ்ஸும் தானாக நின்றன. மறுநாள் காலை எல்லோரும் கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். முளைக்கவில்லை. "இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா மாமா?" என்று அவள் கேட்டபோது ஃபிட்டர் கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி கையில் கிடைத்த குண்டான் மூடியை அவர்மேல் விசிறினாள். "முப்பத்தொரு தடவை கையைக் கொடுத்தீங்களே, ஒரு விரலைக் காப்பாத்த முடிஞ்சுதா? நாளைக்கு அஞ்சாம் நம்பர்ல என்னை உக்காரச் சொல்லியிருக்கார் அந்தப் பாவி. உக்காரவா?" மூடி கிளம்புமுன்பே அவருடைய வலக்கை தானாகப் பாய்ந்து முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. முகம் இருந்த இடத்திலேயே இருந்தது. நெற்றி பிளந்து மூக்கு வழியாக ரத்தம் ஒழுகியது. அவர் துடைக்கவும் இல்லை, அசையவும் இல்லை. "தடி தேறலடி," என்றார் மெல்ல. "கைதான் தேறிப்போச்சு." தினம் ஒன்றைத்தான் மாற்றினோம் என்று இருந்தார், தினம் புதிதாக முளைத்த கை, முந்தின நாள் கை பட்டதையெல்லாம் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது.

மறுநாள் காலை, மனைவி உட்காருமுன், எதையும் கற்காத இடக்கையை ஐந்தாம் நம்பரில் வைத்து மிதித்தார். அது மணிக்கட்டோடு போனது. இந்த முறை அவர் கையைப் பார்க்கவில்லை, தடியைப் பார்த்தார்: தலை இறங்கியபோது தடி பாதி வழியில்தான் இருந்தது. மிச்சப் பாதியை இத்தனை நாளும் கடந்தது வலக்கையின் கெட்டிக்காரத்தனம். அவர் சொல்லச் சொல்ல மனைவியே ஸ்பேனரைப் பிடித்தாள். தடியைப் பெடலிலிருந்து கழற்றித் தலையோடு பிணைத்தார்கள். தடி முழுத்தூரம் போகாமல் தலை ஒரு நூல்கூட இறங்க முடியாது. முப்பத்திரண்டாவது தயார். சோதிக்கத்தான் ஒன்றும் தெரியாத கை வேண்டும்.

"என்ன, பிரஸ் ஒண்ணும் ஓடல? எல்லாருக்கும் கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி உள்ளே வந்தார். பெண்கள் அத்தனை பேரும் அவருடைய கையைப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று, பிரஸ் பக்கமே வராத கை. நாலு பேர் இடுப்பைப் பிடித்தார்கள், கூட்டுகிற அம்மாள் முழங்கையை. அவர் கடித்தார், உதைத்தார், சட்டை கிழிந்தது, ஒரு பல் விழுந்தது. மனைவி பெடலில் காலை வைத்தாள். "பத்து தடவை, முதலாளி." "ஒண்ணு! ஒண்ணு போதும்மா!" "பத்து." "சரி, மூணு! உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், மூணு!" "நான் நாள் பூரா உக்காரணும். பத்து." பத்து முறையும் தலை இடிபோல இறங்கியது. பத்து முறையும் தடி அதற்கு முன்பே அவர் கையை வெளியே எறிந்தது. புறங்கை கன்றிச் சிவந்ததே தவிர விரல்கள் ஐந்தும் இருந்தன. அவர் அழுதுகொண்டே எண்ணிப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் தகட்டை வைத்தாள்.

மறுநாள் ஃபிட்டருக்கு இடப்பக்கமும் முளைத்தது. ஆனால் உடம்புக்கு ஒரே வரைபடம்தான் பழக்கம், ஆகவே அங்கே முளைத்ததும் வலக்கையாகவே இருந்தது. முதல் வாரம் சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டார், பிறகு சரியாகிவிட்டது. ஸ்டோரில் அவருக்கு இரண்டு ஜோடி கையுறை கொடுக்கிறார்கள். மிஞ்சும் இரண்டு இடக்கை உறைகளையும் கொழுந்தியாள் வாங்கிக்கொள்கிறாள், இப்போது அவள் எல்லா வேலையும் இடக்கையால்தான் செய்கிறாள்.