புதியவரின் வேண்டுதல்

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் கபாசோ வழக்கம்போல் மேடை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்துகொண்டார். முழங்கால் கிழிந்த ஜீன்ஸ் அணிந்திருந்த அவரைக் கண்டால், கிட்வே நகரச் சந்தையில் வண்டி உதிரிச் சாமான் விற்பவர் என்றே புதியவர் எவரும் எண்ணுவர்.

"இன்னிக்குத்தான் முதமுதல்ல வந்தவங்க யாரு? எழுந்திரிங்க, வெக்கப்படாதீங்க. கோட்டு போட்டுட்டு வந்திருந்தாக்கூட மன்னிச்சு விட்டுடுவோம்."

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூடியிருந்த சபை முழுதும் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். தேநீர் மேசையருகே கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த காசுபா தலையைத் திருப்பினாள். மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் கோட்டு. அதற்குள்ளே அவள் கணவன் சிசங்கா.

"பேரு சிசங்கா. சோல்வேசியிலேருந்து வர்றேன்" என்றான் அவன், தேன் ஒழுக.

சென்ற மழைக்காலத்தில், மக்காச்சோள லாரியில் மூட்டைகளுக்கிடையே ஒளிந்து காசுபா சோல்வேசியை விட்டு வந்தாள். இந்தச் சபையில் எவரும் எவருடைய பழங்கதையையும் கிளறுவதில்லை. அதனாலேயே இங்கு ஒட்டிக்கொண்டாள். அவளுக்குக் கணவன் உண்டென்பதே இவர்களுள் ஒருவருக்கும் தெரியாது. இதுகாறும் அவளை மூடிக் காத்த அந்த மௌனமே இப்பொழுது அவளை நட்டாற்றில் விட்டது.

வரவேற்புப் பாட்டு எழுந்தது. அனைவரும் புதியவனைத் தழுவிக்கொள்ள நெருங்கினர். பாஸ்டரின் மனைவி நாமுகோலோ, காசுபாவை முழங்கையால் இடித்தாள்.

"என்னடி, சிலையா நிக்கிற? இன்னிக்கு உன் முறை. டீயைக் கொண்டுபோய்க் குடு. ஆளு கடிச்சிட மாட்டான்."

வெளியே செல்லும் ஒரே கதவு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் கோப்பையை ஏந்திச் சென்றாள்.

"நன்றி சிஸ்டர்" என்றான் சிசங்கா உரக்க. பின்பு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்கு எவ்வளவு சர்க்கரைன்னு மறந்துபோச்சு போல" என்றான்.

ஆராதனை முடிந்தபின் பக்கத்து அறையில் நாற்காலிகள் வட்டமாக இடப்பட்டன. எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளை நாமுகோலோ சுற்றிலும் கொடுத்தாள். பாஸ்டர் ஒன்றை மென்றவாறே பேசினார்.

"எங்க நம்பிக்கை ரொம்பச் சின்னது தம்பி. இயேசு நம்மளைக் குளிச்சிட்டு வான்னு சொல்லல, அழுக்கோடயே கூப்பிட்டார். அதனால நாங்களும் யாரையும் வாசல்ல நிறுத்துறதில்ல. சரி, ஏதாவது ஒண்ணு கேளுங்க. உங்களுக்கு டீ குடுத்தவங்க அதை வாய்விட்டு ஜெபிப்பாங்க. இது நம்ம வழக்கம்."

சிசங்கா தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்களில் நீர்கூடத் துளிர்த்தது.

"என் சம்சாரம் என்னை விட்டுட்டுப் போயிட்டா, பாஸ்டர். அவ திரும்பி வரணும். வேற ஒண்ணும் வேணாம்."

"ஐயோ பாவம்!" என்று பெண்கள் உருகினர். எல்லாருடைய கைகளும் அவன் தோள்களின்மேல் வந்து அமர்ந்தன. காசுபாவும் தன் கையை வைக்கவேண்டியதாயிற்று.

மறுத்தால் என்ன நேரும் என்பதை அவள் அறிவாள். இவள்தான் என் மனைவி என்று அவன் சொல்லிவிடுவான். பாஸ்டரோ, கேட்ட மாத்திரத்தில் ஜெபம் பலித்ததென்று ஆனந்தக் கண்ணீர் வடித்து, இருவர் கைகளையும் சேர்த்துவைத்துவிடுவார். பிரிந்திருந்த ஒரு தகப்பனையும் மகனையும் அவர் அவ்வாறே சேர்த்துவைத்ததை அவளே கண்டிருக்கிறாள். மாலைக்குள் சோல்வேசிப் பேருந்தில் அவன் பக்கத்தில் அமர்ந்திருக்க நேரும்.

"ஆண்டவரே" என்று தொடங்கினாள். அவனுடைய குனிந்த தலையைப் பார்த்தாள். மீண்டும் தொடங்கினாள். "ஆண்டவரே, இவரு பொண்டாட்டி திரும்பி வரணுமாம். அந்தப் பொம்பளையை உமக்குத் தெரியும். அவ இடது கையை அடிச்சு ஒடிச்சது யாருன்னு தெரியும். கொதிக்கிற கஞ்சிப் பானையை அவ முதுகுல கவுத்தது யாருன்னும் தெரியும். அவளைத் திருப்பி அனுப்பிடாதேயும். அவ இங்கதான் நிக்கிறா. ரொம்பப் பயந்துபோய் நிக்கிறா."

அவள் உள்ளங்கைக்குக் கீழே அவன் தோள் கல்லாயிற்று. ஆமென் சொல்ல எவருக்கும் வாய் எழவில்லை. கைகள் ஒவ்வொன்றாக விலகின.

சிசங்கா சிரித்தான். "பாத்தீங்களா பாஸ்டர்? இவதான் அவ. குடும்பம்னா நாலும் இருக்கும். நீங்க கூப்பிட்டதும் கடவுள் குடுத்துட்டார்." அவள் மணிக்கட்டைப் பற்றி எழுந்தான். "வாடி, போலாம்."

காசுபா பாஸ்டரின் கைகளையே பார்த்தாள். அவை மெல்ல உயர்ந்தன. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கையை எடுங்க தம்பி."

கண்ணைத் திறந்தபோது பாஸ்டரின் விரல்கள் சிசங்காவின் பிடியைத் தளர்த்திக்கொண்டிருந்தன.

"யாரையும் நிறுத்த மாட்டோம்னு இப்பதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." பாஸ்டர் தன் விரல்களை எடுக்கவில்லை. "அதைச் சொன்ன வாய் பொய்யாப் போகட்டும். நடங்க. வாசல் வரைக்கும் நானும் வர்றேன்."

"ஆமென்!" என்றாள் நாமுகோலோ, அடித்தாற்போல். அதற்குப் பிறகே மற்றவர்களும் சொன்னார்கள். ஆடவர் இருவர் எழுந்து பாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றனர். சிசங்கா பிடியை விட்டான். ஒவ்வொருவர் முகத்தையும் பாடம் செய்பவன்போல் நிதானமாகப் பார்த்துவிட்டு வெளியேறினான்.

நாமுகோலோ அவளைச் சேர்த்தணைத்துக்கொண்டாள். "ஏன்டி சொல்லல? நான் பாட்டுக்கு உன்னைத் தள்ளிவிட்டேனே! இனிமே நீ எங்க வீட்லதான். துணிமணி எடுக்க நாங்க எல்லாரும் கூட வர்றோம்."

"நான் இருக்குற இடம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சே, அக்கா."

காசுபா சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாலைக்கு அப்பால் சிசங்கா இன்னும் நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருபோதும் சாத்தப்பட்டிராத இரும்பு வாயிற்கதவைப் பாஸ்டர் இழுத்துச் சாத்தினார். துருவேறிய தாழ்ப்பாள் நகரவில்லை. அவர் கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்து, அதைத் தட்டத் தொடங்கினார்.